பெரிய அணிகளின் சில்லறைத்தனம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மேற்படிப்புக்காகக் கிளாஸ்கோ வந்த நான், உடன் படிக்கும் உள்ளூர் நண்பர்களோடு இந்த ஊரின் கால்பந்து அணியான செல்டிக்கின் ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கி, இப்போது அந்த அணியின் ரசிகனாகவே ஆகிவிட்டேன். ஸ்காட்லாந்தின் டண்டி யுனைடெட் அணி பார்சிலோனாவோடு நான்கு முறை மோதி நான்கிலும் வென்றதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை நண்பர்களிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "எப்போதோ நடந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் சின்ன அணியின் லட்சணம்" என்றார் ஒருவர்.

இங்கே கேலரியில் அதிகம் காதில் விழும் வசை 'டின்பாட்', அதாவது சில்லறைத்தனம், என்பதுதான். தோற்றுப்போன ஆட்டத்தின் இடைவேளை ஸ்கோரைப் படமெடுத்துப் போற்றும் ரெய்த் ரோவர்ஸ், குழந்தைகள் பயப்படும் தோற்றத்தில் ஓர் அடையாள பொம்மையை வைத்திருக்கும் பார்ட்டிக் திசில், மழை பெய்தால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் டண்டி (டண்டி யுனைடெட் அல்ல, அதே ஊரின் இன்னோர் அணி) என்று எல்லா அணிகளும் இந்தக் கேலிக்கு ஆளாகின்றன. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் ஐம்பது கோப்பைகளுக்கு மேல் வென்ற அணியின் ரசிகர்கள், மூவாயிரம் பேர் வரும் மைதானத்தைப் பார்த்துச் சிரிப்பது சரிதானா என்ற உறுத்தல் இருக்கிறது. ரசிகர்களின் கேலி கால்பந்துக்கு நல்லது செய்கிறதா, அல்லது அது வெறும் வலியவரின் ஏளனமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், கிளாஸ்கோ
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்களின் சிரிப்பு டண்டி யுனைடெட்டில் தொடங்கியதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1966இல் அந்த அணி முதல்முறையாக ஓர் ஐரோப்பியப் போட்டியில் கால்வைத்தபோது எதிரே நின்றது, அந்தக் கோப்பையை அப்போது கையில் வைத்திருந்த பார்சிலோனா. அவர்களுடைய ஊரில் 2–1 என்றும், தன் சொந்த மைதானமான டானடைஸில் 2–0 என்றும் டண்டி யுனைடெட் வென்றது. 1987இல் யூஃபா கோப்பைக் காலிறுதியில் இரு அணிகளும் மறுபடி சந்தித்தன. கேரி லினேகரும் மார்க் ஹியூஸும் இருந்த பார்சிலோனா அந்த முறையும் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. இறுதிப்போட்டியில் ஸ்வீடனின் கோதன்பர்க் அணியிடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் டண்டி யுனைடெட் கோப்பையை இழந்தபோது, அந்த இழப்பு அவர்களுடைய சொந்த மைதானத்தில், சொந்த மக்கள் கண்ணெதிரே நிகழ்ந்தது. அந்த மக்கள் எதிரணிக்குக் கைதட்டினார்கள். அதற்காக ஃபிஃபா தன் நேர்மை விளையாட்டு விருதை அவர்களுக்கு வழங்கியது. இதைத் தலைமுறை கடந்தும் ஓர் ஊர் பேசிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த ஊரின் மீது எனக்கு மரியாதைதான் கூடுகிறது.

அளவில் சிறியதாக இருப்பது ஒன்று, நடத்தையில் சிறுத்துப்போவது வேறொன்று. ஸ்காட்லாந்தின் கேலரிகளில் இவ்விரண்டையும் ஒரே வசையால் அடிக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ரெய்த் ரோவர்ஸுக்குக் கூட்டம் குறைவு என்பது கிர்க்கால்டி என்ற ஊரின் அளவைப் பற்றிய செய்தி, அவ்வளவே. 1985இல் அபர்டீன் பட்டம் வென்ற பிறகு, 2025 வரையிலான நாற்பது லீக் பட்டங்களையும் கிளாஸ்கோவின் இரு பெரிய அணிகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மட்டுமே பங்கிட்டுக்கொண்டன. கூட்டமும் பணமும் ஐரோப்பியப் போட்டிகளின் வருமானமும் ஒரே நகரத்தின் இரண்டு வாசல்களில் போய்க் குவிகிற அமைப்பு அது. தொலைக்காட்சி உரிமையாக ஸ்காட்லாந்து லீக் முழுவதற்கும் ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 3 கோடி பவுண்டு. எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்து பிரீமியர் லீக் உள்நாட்டு ஒளிபரப்பில் மட்டும் 150 கோடி பவுண்டுக்கு மேல் பெறுகிறது. கிளாஸ்கோவின் பெரிய அணிகள் கிர்க்கால்டியைப் பார்த்துச் சொல்லும் அதே வசையை, இங்கிலாந்து ரசிகர்கள் அந்தப் பெரிய அணிகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். அது உங்கள் நண்பர்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த ஸ்கோர்போர்டுப் படத்தின் கதையை நீங்கள் முழுமையாக அறிய வேண்டும். 1994 நவம்பரில், இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ரெய்த் ரோவர்ஸ், ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸில் நடந்த லீக் கோப்பை இறுதிப்போட்டியில் உங்கள் செல்டிக்கை பெனால்டியில் வென்றது. அந்த வெற்றிதான் அடுத்த ஆண்டு அவர்களை யூஃபா கோப்பைக்குக் கொண்டுசென்றது. அங்கே எதிர்ப்பட்டது பயர்ன் மியூனிக். சொந்த மைதானம் போதாது என்று எடின்பரோவின் ஈஸ்டர் ரோட்டில் ஆடிய முதல் ஆட்டத்தை யூர்கன் கிளின்ஸ்மனின் இரண்டு கோல்களால் இழந்த பிறகு, 1995 அக்டோபர் 31 அன்று மியூனிக்கின் ஒலிம்பிக் மைதானத்தில் அவர்கள் இறங்கினார்கள். இடைவேளைக்குச் சற்று முன்பு டேனி லெனன் அடித்த ஃப்ரீ கிக் தடுப்பு வீரர்மேல் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. அந்தப் பிரம்மாண்டமான பலகையில் பயர்ன் 0, ரெய்த் ரோவர்ஸ் 1 என்று இடைவேளை முழுக்க எழுத்துகள் ஒளிர்ந்தன. பிறகு பயர்ன் இரண்டு கோல் அடித்து வென்றது, அந்த ஆண்டின் கோப்பையையும் வென்றது. ரெய்த் ரசிகர்கள் யாரும் தாங்கள் பயர்னை வென்றதாகச் சொல்வதில்லை. தங்கள் ஊர்ப் பெயர்கூட இல்லாத ஓர் அணியின் பெயர் அந்தப் பலகையில் மேலே நின்றது என்பதையே சொல்கிறார்கள். அது நடந்தது. அந்தப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பவரைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன்.

நடத்தையில் சிறுத்துப்போவது என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு 1967 ஜனவரி 28 ஆம் தேதியைக் காட்டுவேன். ஸ்காட்டிஷ் கோப்பையை முந்தைய ஆண்டு வென்றிருந்த ரேஞ்சர்ஸ், எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து மண்ணில் இருந்தாலும் ஸ்காட்லாந்து லீக்கில் ஆடும் பெர்விக் ரேஞ்சர்ஸின் மைதானத்துக்குப் போனது. பெர்விக்கின் கோல்கீப்பரே அதன் மேலாளர். ஜாக் வாலஸ் என்ற அந்த மனிதர் பிற்காலத்தில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸுக்கே மேலாளராகி, ஒரே ஆண்டில் மூன்று உள்நாட்டுக் கோப்பைகளையும் வெல்லும் சாதனையை இரண்டு முறை செய்தவர். அன்று சாமி ரீட் அடித்த ஒரே கோலில் பெர்விக் வென்றது. இது வரை நடந்தது கால்பந்து. அதற்குப் பிறகு கிளாஸ்கோவில் நடந்ததுதான் சிறுமை. முன்கள வீரர்களான ஜிம் ஃபாரஸ்ட், ஜார்ஜ் மக்லீன் என்ற இருவர்மேல் மொத்தப் பழியும் விழுந்தது. இருவரும் அதன் பிறகு ரேஞ்சர்ஸ் சீருடையை அணியவே இல்லை. ஃபாரஸ்ட் 1964–65இல் ஒரே பருவத்தில் 57 கோல் அடித்தவர். நான்கு மாதங்கள் கழித்து, லிஸ்பனில் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஆறாம் நாள், நியூரம்பர்க்கில் 'கோப்பை வென்றோர் கோப்பை' என்ற இன்னோர் ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் ஆடியது. கோல் அடிக்கும் ஆள் இல்லாமல், பின்கள வீரரான ரோஜர் ஹிண்டை முன்னால் நிறுத்தினார்கள். கூடுதல் நேரத்தில் பயர்ன் மியூனிக்கிடம் 0–1 என்று தோற்றார்கள். சின்ன அணியிடம் தோற்ற அவமானத்தைத் தாங்க முடியாத ஒரு நிர்வாகம், தன் அணியின் கையைத் தானே வெட்டிக்கொண்டது.

இப்படிப்பட்ட நடத்தை பழங்கதையாகிவிடவில்லை. செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதும் ஆட்டங்களில் எதிரணி ரசிகர்களுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் ஒதுக்குவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்த ஆட்டத்தின் சத்தமே அதனால்தான் உலகப் புகழ் பெற்றது. 2018இல் ரேஞ்சர்ஸ் அதை எண்ணூறு அளவுக்குக் குறைத்தது. தன் சீசன் டிக்கெட்காரர்களுக்கு இடம் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். செல்டிக் உடனே அதே அளவுக்குப் பதிலடி கொடுத்தது. வாக்குவாதம் முற்றி, 2023–24 பருவத்தின் லீக் மோதல்களில் எதிரணி ரசிகர் ஒருவர்கூட உள்ளே விடப்படாத நிலை வந்தது. 2025 ஜனவரியில்தான் சுமார் 2,500 இடங்கள் என்ற ஏற்பாட்டோடு அவர்கள் திரும்பினார்கள். இதில் ரேஞ்சர்ஸ் தொடங்கியது, செல்டிக் தொடர்ந்தது என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஐம்பதாயிரம் பேரும் அறுபதாயிரம் பேரும் கூடும் இரண்டு மைதானங்களின் சொந்தக்காரர்கள், எதிரில் நின்று பாடும் ஒரு மூலையைப் பொறுக்க முடியாமல் போனார்கள். அவர்களோடு ஒப்பிட்டால், பார்ட்டிக் திசில் 2015இல் ஓவியர் டேவிட் ஷ்ரிக்லியைக் கொண்டு உருவாக்கிய அந்தக் கோபமுகச் சூரியப் பொம்மை யாருக்கு என்ன தீங்கு செய்தது? கலைஞர் ஒருவரின் கைவண்ணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும் துணிவு அந்தச் சின்ன அணிக்கு இருந்தது.

செய்தியாளர்களிடமும் இதே சுருங்கிய மனத்தைக் காண்கிறேன். 2015இல் பிபிசி செய்தியாளர் ஒருவருக்கு ரேஞ்சர்ஸ் தடை விதித்தது. பிபிசி தன் செய்தியாளர்களை ஐப்ராக்ஸுக்கு அனுப்புவதையே நிறுத்திக்கொண்டது. அந்தப் பிணக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ரசிகர்களும் இதற்கு விலக்கல்ல. அதே 2015 ஜனவரியில் செல்டிக் ரசிகர்கள் சிலர் பணம் திரட்டி, 2012க்குப் பிந்தைய ரேஞ்சர்ஸ் பழைய ரேஞ்சர்ஸே அல்ல என்று ஒரு ஞாயிறு நாளேட்டில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். இருபதாண்டு, முப்பதாண்டு அந்த அணியைப் பார்த்து வளர்ந்தவரிடம் "உன் அணி செத்துவிட்டது" என்று காசு கொடுத்துச் சொல்வதில் எந்தப் பெருந்தன்மையும் இல்லை. உங்கள் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

அந்த 2012ஐப் பற்றிப் பேசினால்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். கடனில் மூழ்கி ரேஞ்சர்ஸின் நிறுவனம் கலைக்கப்படும் நிலைக்கு வந்தபோது, அதன் சொத்துகளை வாங்கிய புதிய நிறுவனம் நேராக மேல்நிலை லீக்கிலேயே ஆடட்டும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. ரேஞ்சர்ஸ் இல்லாமல் தொலைக்காட்சிப் பணம் வராது, சின்ன அணிகள் பிழைக்காது என்று பயமுறுத்தினார்கள். அப்போது அபர்டீன், டண்டி யுனைடெட், ஹார்ட்ஸ், ஹிப்ஸ் என்று எல்லா ஊர் ரசிகர்களும் தங்கள் அணி நிர்வாகங்களைப் பார்த்து, பணத்துக்காக விதியை வளைத்தால் சீசன் டிக்கெட் வாங்க மாட்டோம் என்று சொன்னார்கள். அதோடு சேர்ந்து, இதற்கு மேல் ஒரு சில்லறைத்தனம் உண்டா என்ற பகடியும் கேலரி தோறும் எழுந்தது. ஜூலை 4 அன்று நடந்த வாக்கெடுப்பில் பத்து அணிகள் அந்த யோசனையை எதிர்த்தன. ஒன்பது நாள் கழித்து, கீழ்நிலை லீக்குகளின் முப்பது அணிகளில் இருபத்தைந்து, ரேஞ்சர்ஸ் நான்காம் நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாக்களித்தன. அந்த முப்பதில் பலவற்றின் மைதானங்களுக்கு ஐந்நூறு பேர் வந்தாலே கூட்டம். ஒரு சின்ன அணி தன் வருமானத்தைப் பணயம் வைத்து விதியின் பக்கம் நின்றதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்துக் கால்பந்தில் எனக்குத் தெரியாது. கேலி கால்பந்துக்கு நல்லது செய்யுமா என்று கேட்டீர்கள். அந்தக் கோடையில் செய்தது. நிர்வாகிகள் அறிக்கைகளுக்கு அஞ்சவில்லை, தங்கள் சொந்த ரசிகர்களின் முகத்தில் தெரிந்த ஏளனத்துக்கு அஞ்சினார்கள்.

நேர்மையாகச் சொன்னால், அந்தக் கதையில் நான் வணங்கும் இன்னொரு கூட்டம் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள். நான்காம் நிலை லீக்கில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் அணியோடு ஆடிய ஆட்டத்துக்கு, ஆகஸ்ட் மாதத்தில், 49,118 பேர் ஐப்ராக்ஸுக்கு வந்தார்கள். அவர்கள் பீட்டர்ஹெட் வரைக்கும், செடிவேலியே சுவராக நிற்கும் பிரெக்கின் மைதானம் வரைக்கும் தங்கள் அணியின் பின்னால் போனார்கள். மற்ற ரசிகர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை.

சின்ன அணி செய்வதையெல்லாம் மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2024இல் டண்டி அணியின் மைதானமான டென்ஸ் பார்க்கில் ரேஞ்சர்ஸோடு நடக்க வேண்டிய ஆட்டம், தண்ணீர் தேங்கியதால் மார்ச்சிலும் ஏப்ரலிலும் அடுத்தடுத்து இரண்டு முறை தள்ளிப்போனது. மேல்நிலை லீக்கில் இருக்கும் அணிக்குத் தண்ணீர் வடியும் ஆடுகளம் அடிப்படைக் கடமை. பயணச் செலவு செய்து வந்த ரசிகருக்குக் கோபப்படவும் கேலி செய்யவும் முழு உரிமை உண்டு. ஆனால் சின்ன அணியாகத் தெரியக்கூடாது என்ற பதற்றம் அதைவிடப் பெரிய அழிவைக் கொண்டுவரும். ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழும் கிரெட்னா, ஒரு செல்வந்தரின் பணத்தில் 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப்போட்டிக்கும் 2007இல் மேல்நிலை லீக்குக்கும் போனது. லீக் தரத்துக்கேற்ற மைதானம் இல்லாமல் தன் 'சொந்த' ஆட்டங்களை மதர்வெல் ஊரில் ஆடியது. அவர் நோயுற்றுப் பணம் நின்றதும் 2008இல் அந்த அணியே இல்லாமல் போனது.

ஆகவே நண்பரே, உங்கள் உறுத்தல் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். சிரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, அதன் திசையை மாற்றச் சொல்கிறேன். நீங்கள் செல்டிக் ரசிகர். செல்டிக் நிர்வாகம் உங்கள் சொல்லுக்குத்தான் காதுகொடுக்கும், கிர்க்கால்டிக்காரர் சொல்லுக்கு அல்ல. எதிரணிக்கு ஒதுக்கும் இடங்களைப் பழையபடி ஏழாயிரமாக உயர்த்தும் பேச்சை முதலில் எடுக்க வேண்டியது உங்கள் அணியா ரேஞ்சர்ஸா என்று யோசிக்காமல், உங்கள் ரசிகர் சங்கத்தில் அதைக் கோரிக்கையாக வையுங்கள். செல்டிக்குக்கு ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை எடின்பரோ வழியாக ரயிலேறிக் கிர்க்கால்டிக்குப் போய், ரெய்த் ரோவர்ஸ் ஆடும் ஸ்டார்க்ஸ் பார்க்கில் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அந்த நண்பர்களையும் அழைத்துப் போங்கள்.