பள்ளி விளையாட்டு அணியில் சேர வருகிற எல்லா மாணவரையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பயிற்சிக்கு எல்லாரையும் எடுங்கள், போட்டிக்கு மட்டும் ஆள் பொறுக்குங்கள். 14 வயது வரைக்கும் இதுதான் சரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை.

இடம் பத்தாது என்பார்கள். வாலிபாலையே பாருங்கள். ஒரு கோர்ட், 36 பேர், 75 நிமிடம். ஆறுக்கு ஆறு ஆடவிட்டால் 24 பேர் வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கு 25 நிமிடம்தான் தேறும். நெட்டைக் கழற்றிவிட்டு, 18 மீட்டர் நீளவாக்கில் நடுவே ஒரு கயிறு கட்டுங்கள். ஆறாறு மீட்டரில் மூன்று குட்டிக் கோர்ட் கிடைக்கும். நாலுக்கு நாலு என்றால் ஒரே நேரத்தில் 24 பேர் ஆடலாம். மீதி 12 பேர் சுவரில் பந்தடித்துப் பழகட்டும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை குழுவை மாற்றினால் ஆளுக்கு 50 நிமிட ஆட்டம். கயிறு தொய்யும். குட்டிக் கோர்ட்டுகளின் எல்லையில் கம்பம் நிறுத்தலாம், ஆனால் ஸ்பாஞ்ச் சுற்றாமல் நிறுத்தினால் யாராவது நெற்றியைப் பெயர்த்துக்கொள்வார்கள்.

போட்டி அணி வேறு கணக்கு. சர்வதேச விதிப்படி வாலிபாலில் ஒரு அணிக்கு ஒரு செட்டில் 6 ஆள் மாற்றம்தான். மனசு கேட்காமல் 20 பேருக்கு ஜெர்சி கொடுத்தால் பலர் பெஞ்சைத் தேய்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு 'பி' அணி போட்டுத் தனியாக மேட்ச் ஏற்பாடு செய்யுங்கள். கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியில் ஒதுக்கினார்கள் என்ற கதையில் எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான்: 1978-ல் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஜூனியர் அணியில் போட்டு ஆடவிட்டார்கள். அப்போது அவர் ஆறடிகூட இல்லை.

தேர்வில் பெரிய ஓட்டை வயது. ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்தவனும் நிற்பார்கள். கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சியைத் திறமை என்று நம் கண் எடுத்துக்கொள்ளும். பிறந்த தேதி வரிசைப்படி முதுகில் எண் கொடுத்துவிடுங்கள். 2017-ல் வெளியான ஒரு கால்பந்து ஆய்வில், தேர்வாளர்களிடம் வயதைச் சொன்னபோதுகூடப் போகாத சாய்வு, இப்படி எண் போட்டதும் குறைந்தது.

ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள், மூன்று நாளாவது பாருங்கள். டிரில்லைவிட, ஆள் மாற்றி மாற்றி ஆடும் சின்ன ஆட்டங்கள்தான் பையனைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போடட்டும். பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது சோம்பேறித்தனம். இடம் கிடைக்காதவரைத் தனியே கூப்பிட்டு, அடுத்த முறைக்குள் சரிசெய்ய வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்லியனுப்புங்கள்.

பயிற்சிக்கு எல்லாரையும் எடுங்கள் என்றதற்கு நீச்சலும் ஈட்டி எறிதலும் மட்டும் விலக்கு. அங்கே பயிற்சியாளர் கண் எத்தனை பேர் மேல் இருக்க முடியுமோ அத்தனை பேர்தான் ஒரு பேட்ச். மற்றவர்களுக்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.