பக்கத்து வீட்டுப் பூனைக்குச் சொறி: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த அம்மாபேட்டைத் தம்பிக்கு

பக்கத்து வீட்டுக்காரர் தன் பூனையைக் கவனிப்பதே இல்லை, வாலடியில் முடி கொட்டிப் பொருக்காக இருக்கிறது, நம்ம ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து தடவலாமா என்று கேட்டிருந்தீங்க.

தடவாதீங்க தம்பி. உடம்பில் எது பட்டாலும் பூனை நக்கிவிடும். கற்பூரம் அதற்கு விஷம். கடையில் நாய்க்கென்று விற்கிற தெள்ளுப்பூச்சி மருந்து இன்னும் ஆபத்து. பலவற்றில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கத் தெரியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகும்.

வாலடியில் முடி கொட்டினால் பெரும்பாலும் தெள்ளு ஒவ்வாமைதான். அந்த இடத்தைச் சீப்பால் வாரி, விழுகிற கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்க. பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். அந்தத் தாளைப் படம் எடுத்து வையுங்க.

நம்ம ஊர்ச் செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பூனைக்குத் தெருவே சொந்தம். கூடையில் போட்டு யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம். இங்கே சட்டத்தில் பூனை ஒருவரின் சொத்து. வீட்டுக்குள் அடைத்து வைத்தால் திருட்டுப் பழி உங்கள் மேல் வரும். அதனால் முதலில் அவரிடமே பேசுங்க. "ஏன் கவனிக்கல" என்று ஆரம்பிக்காதீங்க; படத்தைக் காட்டி, "ரொம்பச் சொறியுதுங்க, தெள்ளு மாதிரி தெரியுது" என்றால் போதும். பல வீடுகளில் மனசு இருக்கும், காசு இருக்காது. அரசு உதவித்தொகை வாங்குகிறவர் என்றால் பிடிஎஸ்ஏ (PDSA) என்கிற தொண்டு நிறுவனத்தின் கால்நடை மருத்துவமனையில் குறைந்த செலவில் பார்க்க வழி உண்டு.

ஒரு முறை மருந்து விட்டால் தீராது என்பதையும் சொல்லுங்க. முட்டையும் கூட்டுப்புழுவும் கார்ப்பெட்டில்தான் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் தாங்கும். வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும் குறைந்தது மூன்று மாதம் விடாமல் மருந்து, படுக்கைத் துணிக்கு 60 டிகிரி வெந்நீர், தினமும் வேக்யூம்.

பூனை அவருடையதுதானா என்று சந்தேகம் வந்தால் காகிதப் பட்டை கட்டுங்க. ஏ4 தாளில் நீளவாக்கில் 2 செ.மீ. அகலம் வெட்டி, "இந்தப் பூனை உங்களுடையதா?" என்று எழுதி, உங்கள் போன் நம்பரும் போட்டு, இரண்டு விரல் நுழைகிற மாதிரி சுற்றி, நுனியில் மட்டும் செலோடேப் ஒட்டுங்க. முழுக்க டேப் சுற்றினால் வேலியில் மாட்டும்போது கிழியாது, கழுத்து இறுகும். 2024 ஜூன் 10 முதல் இங்கிலாந்தில் 20 வாரம் தாண்டிய வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் (உரிமையாளரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லு) கட்டாயம். கால்நடை மருத்துவமனையில் பொதுவாக இலவசமாகவே ஸ்கேன் செய்வார்கள்.

பேசியும் அசையவில்லையா? 2006 விலங்கு நலச் சட்டப்படி நோயைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை. தேதியோடு எடுத்த படங்களை வைத்துக்கொண்டு விலங்கு நலத் தொண்டு நிறுவனமான ஆர்எஸ்பிசிஏவுக்கு (RSPCA) 0300 1234 999இல் சொல்லுங்க.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் மூத்திரம் வராதது. அப்போது நடுராத்திரி என்றாலும் அவர் கதவைத் தட்டுங்க. ஆள் இல்லையென்றால் அவசரக் கால்நடை மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்யுங்க. மூத்திரம் அடைத்த பூனை ஓரிரு நாளிலேயே செத்துப்போகலாம்.