கரிம வேதியியலில் கரன்ட்: கேள்வி பதில்

கே: எம்.எஸ்சி. படிக்கிறேன் சார். குரோமியம் போட்டுச் செய்யும் ஆக்சிஜனேற்றத்தைக் கரன்டிலேயே செய்துவிடலாமா?

ப: பல வினைகளில் முடியும். குரோமியம் எலக்ட்ரானைப் பிடுங்குகிறது, நேர்மின்வாயும் அதையேதான் செய்கிறது. ஆனால் குரோமியம் வேலை முடிந்ததும் பச்சைச் சேறாகத் தங்கிவிடும். அதை அப்புறப்படுத்தத் தனிச் செலவு. தவிர, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பிடுங்கும் வலுவை மாற்றலாம். குரோமியத்தில் அந்தத் திருகாணி கிடையாது.

கே: அப்படியானால் கழிவே வராதா?

ப: அவசரப்படாதீர்கள். கரிமக் கரைப்பான்கள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்பு மாதிரி ஒன்றைக் கரைக்க வேண்டும். சில சமயம் விளைபொருளைவிட உப்பின் எடை அதிகம். கடைசியில் பிரித்தெடுக்கும் வேலை நம் தலையில். லித்தியம் பெர்குளோரேட்டும் போடுவார்கள். கரைப்பானை வற்றவைக்கும்போது அது வெடிக்கலாம். என் மாணவர்களை அதைத் தொடவிடுவதில்லை.

கே: 1 மில்லிமோல், இரண்டு எலக்ட்ரான் வினை, 10 மில்லிஆம்பியர். மூன்று மணி நேரம் ஆகியும் பாதிதான் முடிந்திருக்கிறது. எங்கே தப்பு சார்?

ப: தப்பே இல்லை, கணக்குதான் போடவில்லை! ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும் (மின்னூட்டத்தின் அலகு). உங்களுக்கு 2 மில்லிமோல் எலக்ட்ரான் வேண்டும், அதாவது சுமார் 193 கூலும். 10 மில்லிஆம்பியரில் அது 19,300 நொடி, கிட்டத்தட்ட 5 மணி 20 நிமிடம். பொறுமையில்லாமல் மின்னோட்டத்தை ஏற்றினால் பக்கவினைகள் கிளம்பும்.

மின்னழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போனால் மட்டும் மின்வாயை வெளியே எடுத்துப் பாருங்கள். நான் முதன்முதலில் ஃபீனாலைப் போட்டபோது, தோசைக்கல்லில் அடிப்பிடித்த மாதிரி பழுப்புப் பிசின் ஒட்டியிருந்தது. அது மின்சாரத்தை மறித்துவிடும். தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

கே: தொழிற்சாலையில் யாராவது இதை ஓட்டுகிறார்களா?

ப: ஓட்டுகிறார்கள். நைலான் 66-க்கு வேண்டிய அடிப்போநைட்ரைலுக்காக, 1960-களில் மான்சான்டோ நிறுவனத்தில் வேதியியலாளர் மானுவல் பைசர் உருவாக்கிய முறை பிரபலம். இரண்டு அக்ரைலோநைட்ரைல் மூலக்கூறுகள் எதிர்மின்வாயில் இணையும். மேலே நான் திட்டிய அம்மோனியம் உப்பு வகைதான் இங்கே கதாநாயகன்: மின்வாயை ஒட்டி நின்று தண்ணீரை அண்டவிடாது. தண்ணீர் புகுந்தால் உபயோகமில்லாத புரோப்பியோநைட்ரைல்தான் மிஞ்சும்.

கே: ஆய்வகத்தில் வந்த விளைச்சல் பெரிய பாத்திரத்திலும் வருமா?

ப: பாத்திரத்தை மட்டும் பெரிதாக்கினால் வராது. வினை நடப்பது மின்வாயின் பரப்பில். கொள்ளளவு ஏறுகிற வேகத்தில் பரப்பு ஏறாது. அதனால்தான் இரண்டு தட்டுகளை நெருக்கி வைத்து, நடுவே திரவத்தை ஓடவிடுகிறார்கள். இடைவெளி குறைந்தால் உப்பும் குறைவாகவே போதும்.