தயிர்க் கொப்பியும் நேர்முகப் பரீட்சையும்

வணக்கம் ஐயா,

எனக்குத் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம். கணக்கீட்டில் உயர் தேசிய டிப்ளோமா முடித்து ஒன்றரை வருடமாகிறது. போன மாதம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கணக்கு உதவியாளர் வேலைக்காக நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். இணையத்தில் கிடைத்த முப்பது கேள்விகளையும் பதில்களையும் ஆங்கிலத்தில் பாடமாக்கியிருந்தேன். பலவீனம் என்ன என்று கேட்டார்கள். "அளவுக்கு மிஞ்சி உழைப்பது" என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அனுபவம் உண்டா என்றதற்கு இல்லை என்றேன். அப்பா கடைகளுக்குத் தயிர் போடுகிறார். ஐந்து வருடமாக அவருடைய கடன் கொப்பியை நான்தான் எழுதுகிறேன். அலஸ்தோட்டத்தில் ஒரு கடை மூன்று மாதமாகக் காசைக் குறைத்துத் தருவதைப் பிடித்ததும் நான்தான். ஆனால் அதையெல்லாம் அனுபவம் என்று சொல்ல முடியாதே. அடுத்த கிழமை நிலாவெளியிலேயே இன்னொரு ஹோட்டலில் கூப்பிட்டிருக்கிறார்கள். வழக்கமான கேள்விகளுக்கு நல்ல பதில்கள் எழுதித் தருவீர்களா? பெயர் போடவேண்டாம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

எழுதித் தரமாட்டேன். தந்தால் அதையும் பாடமாக்குவீர்கள்.

பாடமாக்கிப் போய் அவமானப்பட்டவன் நான். படிப்பு முடித்த கையோடு டவுணில் ஒரு கம்பனிக்குப் போனேன். பத்துப் பதில்கள் வரிசையாக மனதில் இருந்தன. அவர்கள் வரிசையை மாற்றிக் கேட்டார்கள். "ஏன் எங்களிடம் வர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு "பொறுமையும் நேரந்தவறாமையும்" என்று மணி அடித்ததுபோலச் சொன்னேன். பிற்காலத்தில் மேசைக்கு மறுபக்கம் இருந்து பலரைக் கேள்வி கேட்கவும் வாய்த்தது. பாடமாக்கிய பதில் முதல் வசனத்திலேயே பிடிபட்டுவிடும். சொல்பவரின் கண் முகட்டைப் பார்க்கும், குரல் பேச்சுப்போட்டிக் குரலாகிவிடும்.

அன்று உங்களுக்கு வேலை போனது பலவீனக் கேள்வியில் என்று நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ "அனுபவம் இல்லை" என்றீர்களே, அங்கேதான் போனது என்று படுகிறது. கடைக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து, வந்த காசைக் கழித்து, நிலுவையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவதற்கு நீங்கள் படித்த புத்தகத்தில் கடன்பட்டோர் பேரேடு என்று பெயர். ஹோட்டலிலும் அதுதான் நடக்கிறது. சுற்றுலா முகவர் ஆட்களை அனுப்புவார், காசு பிறகு வரும், சில வேளை குறைந்து வரும். தயிர்ச் சட்டிக்குப் பதிலாக அறை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அலஸ்தோட்டத்துக் கதையை எப்படிச் சொல்வது? கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்வதாக நினையுங்கள். காசு குறைகிறது என்று முதலில் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்கள்? திகதி திகதியாகச் சட்டிகளை எண்ணினீர்களா? மொத்தம் எத்தனை ரூபாய் விடுபட்டிருந்தது? அப்பாவிடம் சொன்னீர்களா, கடைக்காரரிடம் நேரே போனீர்களா? அதன் பிறகு கொப்பி எழுதும் முறையில் எதையாவது மாற்றினீர்களா? இவற்றுக்கு வரும் விடைகளை இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். வசனத்தைப் பாடமாக்கவேண்டாம், தொகையையும் திகதியையும் மட்டும் நினைவில் வைத்தால் போதும். எண்ணைச் சொல்லும் ஒருவரை ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அதுவும் கணக்குப் பிரிவில்.

இதற்கு ஸ்டார் முறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிலைமை, பொறுப்பு, செய்தது, விளைவு என்று நான்கு படி. நல்ல முறைதான். ஆனால் நம்முடைய பிள்ளைகள் நிலைமையை விளக்கவே நேரத்தைச் செலவழித்துவிட்டு, செய்ததை ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். கேட்பவர் காத்திருப்பதே அந்த மூன்றாவதுக்குத்தான். அதிலும் "நாங்கள் பார்த்தோம், நாங்கள் செய்தோம்" என்பார்கள். நான் என்று சொன்னால் பெருமை பேசுவதாகிவிடுமோ என்ற வளர்ப்பு. வீட்டில் அது அழகு. அந்த அறையில் மட்டும் "நான் எண்ணினேன்" என்று சொல்லுங்கள்.

இப்படி உங்கள் வாழ்க்கையிலிருந்து நாலைந்து சம்பவங்களை எடுத்து வையுங்கள். ஒருவரோடு முரண்பட்டது, ஒரு பிழை விட்டுத் திருத்தியது, நேரம் போதாமல் சமாளித்தது. கேள்வி எந்தப் பக்கத்தால் வந்தாலும் இவற்றில் ஒன்று பொருந்தும்.

பலவீனத்துக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுத வரும், பேசும்போது தடுமாறும் என்றால் அதையே சொல்லி, சரிசெய்ய இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் இன்றைக்கே தொடங்குங்கள், ஒரு கிழமை இருக்கிறது. கூட்டல் பிழை வரும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பிறந்த திகதியில் தொடங்கவேண்டாம், சுயவிபரக் கோவை அவர்கள் கையிலேயே இருக்கிறது. படித்தது, கொப்பி எழுதுவது, ஏன் இந்த வேலை. ஒரு நிமிடம்.

சம்பளம். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்று சொல்வது மரியாதைபோலத் தோன்றும், உண்மையில் தயாராகாமல் வந்ததைத்தான் காட்டும். ஹோட்டல்களில் வேலை செய்யும் யாரிடமாவது விசாரித்து ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் தொகை அடிப்படைச் சம்பளமா, எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் கழிப்பார்கள், கம்பனி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் முழுக்கக் கம்பனியுடையது. கணக்குப் பிரிவுக்குப் போகிறவருக்கு இது விரல் நுனியில் இருக்கவேண்டும், அவர்கள் அதையே கேள்வியாகவும் கேட்கலாம். விருந்தினரின் பில்லில் சேர்க்கும் சேவைக் கட்டணத்தில் கணக்குப் பிரிவுக்கும் பங்கு உண்டா என்பதையும் விசாரியுங்கள். சீசன் முடிந்தால் அந்தக் காசு சுருங்கிவிடும், அதை நம்பிச் சீட்டுப் பிடிக்காதீர்கள்.

அப்புறம், பெண் பிள்ளைகளிடம் கேட்கும் ஒரு கேள்வி. கலியாண யோசனை இருக்கிறதா என்பது. கேட்கக்கூடாத கேள்வி என்பது என் கருத்து, ஆனாலும் கேட்கிறார்கள். கோபப்பட்டும் பயனில்லை, குடும்பக் கதை சொல்லவும் தேவையில்லை. "வேலையில் தொடர்ந்து இருப்பேனா என்று கேட்கிறீர்கள் என்றால், இருக்கத்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். தம்பலகாமத்திலிருந்து எப்படி வருவீர்கள் என்றும் நிச்சயம் கேட்பார்கள். டவுணில் இறங்கி பஸ் மாறவேண்டும். ஒரு நாள் முன்கூட்டியே போய்ப் பாருங்கள். "எத்தனை மணிப் பஸ், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தேன்" என்று சொல்பவரிடம் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

கடைசியில் "ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்பார்கள். இல்லை என்று எழும்பிவிடாதீர்கள். நிலாவெளிக்கு வெளிநாட்டவர் கூட்டமாக வருவது மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, மாரியில் கடலும் சரியில்லை, அறைகளும் காலி. அந்த மாதங்களில் கணக்குப் பிரிவு என்ன செய்கிறது என்று கேளுங்கள். பதிலைக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

போய் வந்து எழுதுங்கள். அலஸ்தோட்டத்துக் கடைக்காரர் மிச்சக் காசைத் தந்தாரா என்பதையும்.