கேஸ் டைரி உங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது?

கேள்வி: என் கணவர் நேரடித் தேர்வில் வந்த எஸ்.ஐ. வயது 33, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. குரூப் 1 எழுதி டி.எஸ்.பி. ஆகி, ஐ.பி.எஸ். வாங்கி, டி.ஜி.பி. வரை போக ஆசைப்படுகிறார். படிக்கத்தான் நேரமில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கேஸ் டைரியைக்கூட நான்தான் எழுதித் தருகிறேன். அவர் மேலே போக என்ன வழி?

பதில்: முதலில் அந்தப் பேனாவைக் கீழே வையுங்கள், சகோதரி.

வயதுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குரூப் 1 எழுத அவருக்கு 39 வரை இடமுண்டு. டி.எஸ்.பி.யாக 8 ஆண்டு முடித்தால் ஐ.பி.எஸ். பட்டியலுக்குத் தகுதி. 44 வயதில் அது கிடைத்து, ஒதுக்கீட்டு ஆண்டை, அதாவது சீனியாரிட்டி தொடங்கும் ஆண்டை, சில வருடம் முன்தள்ளித் தந்தாலும், 60-ல் ஓய்வு. டி.ஜி.பி. பதவிக்கு வேண்டிய 30 ஆண்டு சர்வீஸ் சேராது. ஐ.ஜி. ஆனாலே பெரிது.

இனி நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 192-வது பிரிவுப்படி, விசாரணை அதிகாரி அன்றன்றைக்கே டைரி எழுத வேண்டும். தகவல் வந்த நேரம், விசாரணை தொடங்கிய நேரம், முடித்த நேரம், போன இடங்கள், தெரிந்துகொண்ட விவரங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதிய இடத்தில் நீங்கள் இருந்தீர்களா? அவர் ராத்திரி வந்து ஞாபகத்திலிருந்து சொல்ல, நீங்கள் எழுதினால், ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் ஒரு நேரமும் டைரியில் வேறொரு நேரமும்தான் இருக்கும். நீதிமன்றம் டைரியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கூண்டில் ஏறி அதைப் புரட்டி ஞாபகப்படுத்திக்கொண்டால் எதிர்தரப்பு வக்கீலும் பார்க்கலாம். "இது யார் கையெழுத்து?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

விசாரணைக் குளறுபடியால் வழக்கு தோற்றால், பொறுப்பான அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே உத்தரவிட்டிருக்கிறது. பெரிய தண்டனை தரக்கூடிய துறைக் குற்றச்சாட்டான 3(பி) சார்ஜ் ஒன்று நிலுவையில் இருந்தாலே பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காது. ஐ.பி.எஸ். பட்டியலுக்கு மாநில அரசின் நேர்மைச் சான்று வேறு வேண்டும்.

கணவருக்குத் தோள் கொடுப்பது மனைவியின் கடமைதான், அதை நான் மறுக்கமாட்டேன். பிள்ளைகளையும் வீட்டு வேலைகளையும் பார்த்துக்கொண்டு அவருக்குப் படிக்க நேரம் கொடுங்கள். ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயர். போக்சோ வழக்கில் ஒரு குழந்தையின் வேதனை உங்கள் சாப்பாட்டு மேஜையில் விரிந்து கிடக்கலாமா? அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அன்றைய டைரியை எழுதி முடிக்காத அதிகாரிக்கு டி.எஸ்.பி. நாற்காலி மீது ஆசை எதற்கு? அங்கே உட்கார்ந்தால் மற்றவர்களின் டைரியைச் சரிபார்ப்பதே அவர் வேலையாக இருக்கும்.

வீட்டிலுள்ள டைரிகள் நாளைக் காலையே ஸ்டேஷனுக்குப் போகட்டும். நீங்கள் எழுதிய பக்கங்களைக் கிழித்து, பழைய தேதி போட்டு அவர் மறுபடி எழுத முயன்றால் தடுங்கள். அது ஆவணத்தைத் திருத்திய குற்றமாகும். நடந்ததை இன்ஸ்பெக்டரிடம் அவரே நேரில் சொல்லட்டும். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளட்டும். இனி அன்றைய டைரியை ஸ்டேஷனிலேயே எழுதி முடித்துவிட்டு வீட்டுக்கு வரட்டும். குரூப் 1 புத்தகத்தை அதற்கப்புறம் திறக்கலாம்.