ஜனவரியில் மாட்டிய பார், ஜூலையில் புதுப்பித்த பாலிசி

கேள்வி: வக்கீல் ஐயா, கீழக்கரையில் இருந்து எழுதுகிறேன். போன ஜனவரியில் என் காருக்கு வெளியூர்க் கடை ஒன்றில் பின்பக்க ஸ்வே பார் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாட்டினேன். வளைவில் வண்டி சாயாது, பாதுகாப்பு என்று சொன்னார்கள். பாதுகாப்புக்காகத்தான் போட்டேன். ஜூலையில் பாலிசியை மொபைலிலேயே புதுப்பித்தேன். நவம்பரில் தேவிபட்டினம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். மணல் கிடந்த இடத்தில் பின்பக்கம் சுழன்று, எதிரே வந்த பைக்கில் இடித்துவிட்டது. பைக்கில் வந்த 29 வயது மீனவருக்குக் கால் முறிந்துவிட்டது. என் வண்டிச் சேதத்தை சர்வேயர் ரூ.1,92,000 என்று மதிப்பிட்டார். ஆனால் ‘தெரிவிக்காத மாற்றம்’ என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. எட்டு வருடமாக ஒரு கிளெய்மும் இல்லாமல் பிரீமியம் கட்டியவன் நான். சர்வேயர் என்னைத் திருடனைப்போல் விசாரித்தார். மச்சான்மார் முன்னால் தலைகாட்ட முடியவில்லை. பார் மாட்டிய கடைக்காரர், ஆகஸ்ட் தேதி போட்டு பில் தருகிறேன் என்கிறார். மீனவர் தரப்பில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு தொகை கொடுத்து எழுதி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மன உளைச்சலுக்கு ரூ.5 லட்சம் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு எனக்கு எதிராக வருமா?

பதில்: எட்டு வருடப் பிரீமியம், சர்வேயரின் பேச்சு, மச்சான்மார் சிரிப்பு எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். அவை எதுவும் உங்கள் வழக்கை ஓர் அங்குலம்கூட நகர்த்தாது. கடிதத்தில் எனக்கு வேண்டியவை இரண்டே சொற்கள்: ஜனவரி, ஜூலை.

ஒவ்வொரு புதுப்பித்தலும் புது ஒப்பந்தம். ஜூலையில் பொத்தானை அழுத்தியபோது பார் ஏற்கெனவே வண்டியில் இருந்தது. ஆகவே ‘பாலிசி எடுக்கும்போதே ஒரு முக்கியமான விவரத்தை மறைத்தார்’ என்று கம்பெனி சொல்ல முடியும். இதே பாரை ஆகஸ்டில் மாட்டியிருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. கடைக்காரர் ஏன் ஆகஸ்ட் தேதியைச் சொல்கிறார் என்று இப்போது புரிகிறதா? அவருக்கும் இது தெரிந்திருக்கிறது. அந்த பில்லுக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். புதுப்பித்தபோது திரையில் வந்த விண்ணப்பத்தின் நகலைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டியில் மாற்றம் ஏதும் உண்டா என்ற கேள்வியே அதில் இல்லையென்றால், கேட்காததை மறைத்ததாகச் சொல்வது அவர்களுக்குக் கடினம். கேள்வி இருந்து, ‘இல்லை’ என்ற கட்டம் நிரம்பியிருந்தால் உங்கள் நிலை பலவீனம்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவு. பதிவுச் சான்றில் ஸ்வே பார் பற்றி ஒரு வரியும் கிடையாது. பின் அச்சில் போல்ட்டும் கிளாம்ப்பும் போட்டு மாட்டுகிற பொருள் அது. வெல்டிங்கோ துளையோ போடாத வரை, வண்டியின் அடிப்படை அமைப்பு மாறவில்லை என்று வாதிடலாம். ஆனால் இதை நம்பி நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களை 2019-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே பார்த்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் உதிரிபாகம் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அபராதத்தை விடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியை நீதிமன்றத்தில் வாசித்தாலே உங்கள் வாதம் பாதி கரைந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் வருகிற ஒரு வாக்கியம்தான் என்னை உண்மையிலேயே பயமுறுத்துகிறது. ‘பாதுகாப்புக்காகத்தான் போட்டேன்.’ பார் மாட்டிய ஒவ்வொருவரும் இதைத்தான் சொல்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இதைவிட மோசமான வாக்கியம் இல்லை. ‘இந்தப் பார் வண்டி ஓடும் விதத்தை மாற்றும்’ என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஓட்டத்தை மாற்றுகிற பொருள் என்றால், அதைத் தெரிந்துதான் நாங்கள் பிரீமியம் போட வேண்டும் என்று கம்பெனி சொல்லும். அப்புறம் ஒரு பொறியாளரைக் கூண்டில் ஏற்றுவார்கள். பின்பக்கம் பார் விறைப்பானால் வண்டி சாய்வது குறையும், உண்மை. ஆனால் பிரேக்கை மிதித்துக்கொண்டே சட்டென்று ஒடிக்கும்போது எடை முன்னால் போய்விடும். பின்பக்கம் வெளிச் சக்கரம் சுமையை வாங்க, உள்சக்கரம் லேசாகி, பின்பிடி குறையும். மணல் படிந்த சாலையில் வால் சுழலும். நீங்கள் விபத்தை விவரித்திருப்பதும் அப்படியேதான் இருக்கிறது. காற்றடி காலத்தில் நம் கடற்கரைச் சாலையில் மணல் படிவது எந்த நீதிபதிக்கும் தெரியாத விஷயமல்ல.

சரி, இதெல்லாம் ரூ.1,92,000-க்கான சண்டை. நீங்கள் பார்க்காமல் விட்டது அந்த மீனவரை.

அவர் இழப்பீடு கேட்டு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாத வருமானம் ரூ.15,000 என்று எடுத்தால் ஆண்டுக்கு ரூ.1,80,000. நாற்பது வயதுக்குக் கீழே, சுயதொழில், அதனால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டுவார்கள், ரூ.2,52,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதை வயது தீர்மானிக்கும். வயது 29-க்கு அந்தப் பெருக்கு எண் 17, ரூ.42,84,000. படகில் ஏறி வலை இழுக்கிறவருக்குக் கால்தான் மூலதனம். தொழில் திறன் இழப்பு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் கணித்தால் அதுவே ரூ.8,56,800. மருத்துவச் செலவு, வலி வேதனை, வட்டி எல்லாம் தனி.

இந்தப் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனிதானே கட்டும் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். சாதாரணமாக ஆம். ஆனால் மூன்றாம் நபர் (விபத்தில் அடிபட்ட வெளியாள்) போடும் வழக்கில் கம்பெனிக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கிற சில எதிர்வாதங்களில், முக்கிய விவரத்தை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என்பதும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவில் அது இருக்கிறது. தீர்ப்பாயம் பெரும்பாலும் மீனவரைக் கைவிடாது. ‘கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்’ என்று உத்தரவு போடும். வசூல் நோட்டீஸ் வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு.

இந்த இடத்தில்தான் கட்சிக்காரர்கள் விழுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வண்டிச் சேதத்துக்காகக் கோபத்தோடு நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவார்கள். பார் எப்போது மாட்டினேன், ஏன் மாட்டினேன், எவ்வளவு நல்ல பார் என்றெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் விரிவாக எழுதுவார்கள். கம்பெனி வக்கீல் அந்த மனுவுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி விபத்து வழக்கில் தாக்கல் செய்வார். சொந்தக் கையெழுத்தில் வந்த ஒப்புதலை மறுப்பது மிகவும் கடினம். இரண்டு லட்சத்துக்குப் போட்ட வழக்கே எட்டு லட்சத்தைத் தலையில் இறக்கிவிடும்.

இப்போது ஆகஸ்ட் பில். வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். இதே மாதிரி தேதி மாற்றிய பில்லோடு வந்த ஒருவருக்கு நான் ஆஜரானேன். எனக்கும் அது பிறகுதான் தெரிந்தது. பணம் அனுப்பிய தேதி அவர் போனிலேயே இருந்தது. மாட்டிய அன்றே கடைக்காரர் வண்டி எண் தெரிய வீடியோ போட்டிருந்தார். கிளெய்ம் போனது மட்டுமில்லை, போலி ஆவணம் கொடுத்ததாகக் காவல் நிலையம் வரை போனது. உங்கள் விஷயத்தில் இன்னொரு சாட்சியும் உண்டு. கடலை ஒட்டி நிற்கிற வண்டியில் கிளாம்ப்பும் போல்ட்டும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது கீழக்கரைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்து மாதத் துருவுக்கும் மூன்று மாதத் துருவுக்கும் வித்தியாசம் தெரிந்த சர்வேயர், படம் எடுக்காமலா போயிருப்பார்? பாரைக் கழற்றி ஒளித்துவைப்பதும் இதே வகைத் தவறு. அது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். பட்டறையில் கழற்றியே ஆக வேண்டுமென்றால் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, படம் எடுத்து, அதோடு மாட்டிய லிங்க் ராட், புஷ் போன்ற உதிரிபாகங்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் பேச்சைத் தட்டுவது கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் முத்திரைத்தாளில் ‘தவறு என் மேல்’ என்று எழுதி ஐம்பதாயிரம் கொடுத்தால், அந்தத் தாள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. ஒப்புதலாக மட்டும் பயன்படும். கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் கொடுக்கவோ கூடாது என்று உங்கள் பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும். அதை மீறி இன்னொரு காரணத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். மீனவரைப் போய்ப் பாருங்கள், அவருக்கு ஆகவேண்டியதைப் பாருங்கள், அது மனிதக் கடமை. எழுத்து மட்டும் வேண்டாம்.

ஆக, என் ஆலோசனை சமரசம்தான். பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுவதுமாக மறுக்காமல், ‘நான் ஸ்டாண்டர்டு’ முறையில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழியை 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியிருக்கிறது. உங்களுக்கு அது ரூ.1,44,000. கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் இதைக் கேட்டு எழுதுங்கள். பாரைப் புகழ வேண்டாம், தேதியை மறைக்கவும் வேண்டாம். ஒத்துவரவில்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. அங்கே கட்டணமும் கிடையாது, வக்கீலும் கிடையாது. ஓராண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது, அது கடைசிக் கதவாக இருக்கட்டும். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்கமாட்டார். அந்த ஐந்து லட்ச மன உளைச்சலை மறந்துவிடுங்கள்.

ரூ.48,000 விட்டுக்கொடுக்கச் சொல்கிறாரே என்று என் மேல் வருத்தம் வரலாம். பாரைப் பற்றித் தெரிந்த பிறகும் அதே பாலிசியின் கீழ் கம்பெனி ஒரு ரூபாய் கொடுத்தால்கூட, அந்தப் பாலிசி உயிரோடு இருப்பதாக அது ஏற்றுக்கொண்டது என்று நாம் வாதிடலாம். நாளை மீனவர் வழக்கில் ‘பாலிசியே செல்லாது’ என்று அதே கம்பெனி நிமிர்ந்து சொல்வது கடினம். நீங்கள் விடுகிற ரூ.48,000, அந்த எட்டரை லட்சத்துக்கு நீங்கள் போடுகிற வேலி.

அதனால் பணம் வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் வவுச்சரில் (தொகையைப் பெற்றுக்கொண்டு கிளெய்மை முடித்துக்கொள்வதாக எழுதித் தரும் தாள்) அவசரத்தில் கையெழுத்திடாதீர்கள். ‘முக்கிய விவரத்தை மறைத்ததை ஒப்புக்கொள்கிறேன்’ என்றோ, ‘மூன்றாம் நபர் வழக்கில் பாலிசியை மறுக்கும் உரிமையைக் கம்பெனி வைத்துக்கொள்கிறது’ என்றோ அதில் வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் கையெழுத்திடாமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளூரில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.