சேமலாப நிதியில் கைவைக்காதீர்கள், அக்கா

மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பொறியியலுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) கொஞ்சம் போதாது, பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும், ஆனால் உங்கள் அண்ணன், உங்கள் வீட்டுக்காரரின் சேமலாப நிதியைப் போட்டு கொழும்பில் தனியார் பொறியியல் படிப்பில் சேர்க்கச் சொல்லி நெருக்குகிறார் என்று ஹட்டனிலிருந்து எழுதியிருந்தீர்கள். கவலை புரிகிறது. ஆனால் சேர்க்காதீர்கள். காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்த காசு அது, 'எஞ்சினியர்' என்ற பெயருக்காகக் கரைக்கக் கூடாது. மிச்சத்துக்குக் கடன் வாங்குவது அதைவிட மோசம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியம். சுருட்டி வைக்கக்கூடிய பிளாஸ்டிக் சூரியக்கலம் ஏன் குறைவாக மின்சாரம் தருகிறது என்று மகள் இரசாயன ஆசிரியரைத் துளைக்கிறாளாம். பெரிய ஆய்வே நடக்கும் கேள்வி அது. ஒளியை உறிஞ்சும் பல்பகுதிய (பொலிமர், அதாவது பிளாஸ்டிக் வகை) படலம் பெரும்பாலும் 100, 200 நனோமீற்றர் தடிப்புத்தான், அதில் ஒளியின் ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே தப்பிவிடும். சரி, தடிப்பாக்கலாம் என்றால் உள்ளே பிறக்கும் மின்னேற்றங்கள் மின்வாயை எட்டுமுன்பே ஒன்றோடொன்று சேர்ந்து வீணாகிவிடும். அதனால் படலத்தை மெல்லியதாகவே வைத்து, அடியில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் போட்டு, ஒளியை நேரே இறங்கவிடாமல் கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகள் மாதிரிச் சுற்றவிடுகிறார்கள். பள்ளத்தில் படலம் தேங்கினால் மின்னேற்றம் சிக்கும், மேட்டில் மெலிந்தால் குறுஞ்சுற்று. இதைத் தீர்க்க இரசாயனமும் பௌதிகவியலும் சேர்ந்து தெரிந்த ஆள் வேண்டும். மின்னைக் கடத்தும் பல்பகுதியங்களுக்கு 2000 இல் இரசாயன நோபல் கிடைத்தது, வென்ற மூவரில் ஹீகர் பௌதிகவியலாளர்.

பௌதிக விஞ்ஞானம் எடுத்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அந்த இரண்டையும் கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம், மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போக ஆரம்பத்திலிருந்தே நல்ல புள்ளி எடுக்க வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில், எங்கள் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது அங்கேதான், ஆகவே ஆங்கிலத்தை இப்போதே தொடங்கட்டும். அப்புறம் கண்டி ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, சாயத்தால் ஒளியைப் பிடிக்கும் சூரியக்கலங்களில் பேராசிரியர் தென்னகோன் காலத்திலிருந்தே பேர்பெற்ற இடம். அங்கே ஆய்வு உதவியாளராகக் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு, உதவித்தொகையோடு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு முயலலாம்.

இந்தக் கலங்களைச் செய்யும் வேலை நாளைக்கே இங்கு கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பௌதிகவியல் படித்த தமிழ் ஆசிரியருக்கு மலையகத்தில் எவ்வளவு தட்டுப்பாடு என்று உங்களுக்கே தெரியும், அந்தக் கதவும் திறந்தே இருக்கும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறி வரிசையை அவளே நிரப்பட்டும். அண்ணனிடம் நீங்களும் வீட்டுக்காரரும் பேசுங்கள், அவளை முன்னால் நிறுத்தாதீர்கள்.